கோல்கீப்பரின் உம்மா

தறியின் நாடா வலப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வேலிக்கு அப்பால் ஒரு சத்தம் எழும்பிப் பாதியில் உடைந்தது. முனவ்வறா மிதிகட்டையில் இருந்த காலை எடுக்கவில்லை. "கம்பத்தில பட்டுட்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாடாவை மறுபக்கம் அடித்துவிட்டார். தறி தன்பாட்டில் ஓடியது.

மருதமுனையில் மைதானத்தை ஒட்டிய கடைசி வளவு அவருடையது. வீட்டுக்குப் பின்னால் தறிக் கொட்டில், கொட்டிலுக்குப் பின்னால் தென்னங்கிடுகு வேலி, வேலிக்குப் பின்னால் உதைபந்தாட்டம். நாற்பது வயதாகியும் ஓர் ஆட்டத்தையும் அவர் கண்ணால் கண்டதில்லை. ஊரில் பெண்கள் மைதானத்துக்குப் போவதில்லை. கிடுகை விலக்கி எட்டிப் பார்ப்பது அதைவிடக் குறைச்சலான வேலை என்பது அவர் எண்ணம். ஆனால் அவர் காதுக்குத் தப்பிய ஆட்டம் ஒன்றுகூட இல்லை. நம்மவர்கள் கோல் அடித்தால் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் கூச்சல் கிளம்பும், சைக்கிள் மணிகள் சேர்ந்துகொள்ளும். அடித்தது தவறினால் கூச்சல் ஏறி நடுவில் முறியும். எதிரிகள் அடித்துவிட்டால் தூரத்தில் நாலைந்து குரல் மட்டும் கேட்கும், மற்றெல்லாம் அடங்கிவிடும், தெருநாய் குரைப்பதுகூடத் தெளிவாகக் கேட்கும். இந்த அடக்கம்தான் அவருக்கு ஆகாது. அவருடைய ஒரே மகன் நிஸ்தார் கோல்கீப்பர்.

மெலிந்த உருவம். தறியில் இருந்து இருந்து இடது தோள் சற்றுச் சரிந்திருக்கும். வெற்றிலை போடுவது தறி ஓயும்போது மட்டும். ஓடும்போது வாயில் எச்சில் ஊறினால் பாவு நூல் கெட்டுப்போகும் என்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், தறியை நிறுத்திவிடுவார். அக்கம்பக்கத்தார் இதை அறிந்து வைத்திருக்கிறார்கள். நேரமில்லாத நேரத்தில் முனவ்வறாவின் தறி நின்றால் அந்த வீட்டில் யாருக்கோ நல்ல காலம் இல்லை என்று பேசிக்கொள்வார்கள். யாராவது கதை சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்பார். சொல்பவர் மூச்சு வாங்க நின்றால், பிறகு என்ன என்று கேட்பதற்கு "மறுகா?" என்பார். முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கூட அந்த "மறுகா?"வுக்குப் பயந்து மிச்சத்தையும் சொல்லிவிடுவார்.

கணவர் மீராமுகைதீன் தறியில் நெய்த சாறன்களை மூட்டை கட்டிக்கொண்டு மலைநாட்டுப் பட்டணங்களுக்குப் போய் விற்கிறவர். மாதத்தில் சில நாள் வீட்டில் இருப்பார். மகன் எதைக் கேட்டாலும் "உம்மாக்கிட்டக் கேளு மனே" என்பதோடு அவர் கடமை முடிந்துவிடும். ஆகவே 1981ஆம் ஆண்டில் அந்த வீட்டுக்கு வந்த வழக்கும் முனவ்வறாவிடம்தான் வந்தது.

நிஸ்தார் அப்போது உயர்தர வகுப்பில் கடைசி வருடம். பாடசாலை அணிக்கும் அவனே கோல்கீப்பர், ஊரில் இருந்த பிறைச்சுடர் விளையாட்டுக் கழகத்துக்கும் அவனே. கழகத்தின் தலைவர், பெடியன்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் கச்சிமுகம்மது, நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். முழங்கை வரைக்கும் அன்றன்றைய நிறம் ஏறியிருக்கும். தூரத்தில் வரும்போதே இன்று நீலம், இன்று சிவப்பு என்று சொல்லிவிடலாம். பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் நல்லரெத்தினம் சேர். பாண்டிருப்பிலிருந்து காற்சட்டைக் காலைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வருகிற, அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

இந்த இரண்டு பேருக்கும் முனவ்வறா கடமைப்பட்டிருந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அவருடைய கூரையைக் கொண்டுபோய்க் கடலில் போட்ட மறுநாள் காலை, முதலில் வந்து நின்றவர்கள் பிறைச்சுடர்ப் பெடியன்கள். தங்கள் வீடுகளும் கிடுகு இல்லாமல் வானம் பார்த்துக்கொண்டிருக்க, இவருடைய தறியை ஈரத்திலிருந்து தூக்கி வைத்து, ஒரு கிழமைக்குள் கூரை போட்டுக் கொடுத்தார்கள். விழுந்த தென்னைகளில் நேரானவற்றைத் தேர்ந்து மைதானத்துக்குக் கோல் கம்பங்கள் நட்டதும் அந்தக் கிழமைதான். அடுத்த வருடம் ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பிழைத்து, இனிப் படிப்பு வேண்டாம், தறியில் குந்துகிறேன் என்று நிஸ்தார் நின்றபோது, அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பவும் வகுப்பில் இருத்தியவர் நல்லரெத்தினம் சேர். மூன்று மாதம் மாலையில் வந்து கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

கழகத்தின் ஆட்டங்களில் இடைவேளை விட்டதும் ஆட்டக்காரர்கள் வேலியில் இருக்கும் கடப்பு வழியாக முனவ்வறாவின் கிணற்றடிக்கு வருவார்கள். குடத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும், மேலே இரண்டு தகரப் பேணி கவிழ்த்திருக்கும். முனவ்வறா குசினிக்குள் அடுப்படியில் நின்றுகொள்வார். வெளியே வருவதில்லை. "குடிச்சிட்டு ஓடாதீங்க, வயிறு புடிக்கும்," என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வரும். "ஓம் ராத்தா," என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள்.

அந்த வருடம் பாடசாலைக்குப் புது அதிபர் ஒருவர் வந்தார். வந்ததும் ஒரு சட்டம் போட்டார். பாடசாலைத் தவணை நடக்கும் காலத்தில் மாணவர் எவரும் வெளிக் கழகத்துக்கு விளையாடக் கூடாது. காரணம் இல்லாமல் இல்லை. முந்தின வருடம் பாடசாலையின் முக்கியமான ஆட்டத்துக்கு இரண்டு நாளைக்கு முன், கழகத்துக்கு ஆடப்போன ஒருவன் காலை முறித்துக்கொண்டு வந்தான். சட்டம் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. நிஸ்தார் அதை வரிசையில் நின்று கேட்டான். வீட்டில் சொல்லவில்லை. அடுத்த கிழமை கழகத்தின் அரையிறுதியில் வழக்கம்போலக் கோலுக்குள் நின்றான்.

பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. பாடசாலைகளுக்கிடையிலான ஆட்டம் மட்டக்களப்பில் ஒரு சனிக்கிழமை. பிறைச்சுடரின் இறுதி ஆட்டம், சம்மாந்துறைக் கழகம் ஒன்றுடன், சொந்த மைதானத்தில், அதே சனிக்கிழமை.

அதற்கு முந்தின புதன்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு முன்வாசலால் நல்லரெத்தினம் சேர் வந்தார். அவர் குந்திய சற்று நேரத்தில் பின்பக்கக் கடப்பால் கச்சிமுகம்மது வந்தார். அன்றைக்கு நீலம். ஒருவரை ஒருவர் கண்டதும் இருவரும் சிரித்துக்கொண்டார்கள், ஆனால் அது நெடுநேரம் நிற்கவில்லை. முனவ்வறா தறியை நிறுத்திவிட்டு வந்து, இருவருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றி வைத்துவிட்டு, அரைக்கதவுக்குப் பின்னால் நின்றார்.

"அக்கா, சட்டம் எண்டு ஒண்டு இருக்கு," என்று சேர் தொடங்கினார். "போன கிழமை அவன் கழகத்துக்கு ஆடினத நான் காணாத மாதிரி விட்டுட்டன். இந்தமுறை அப்படி ஏலாது. அவன் வராட்டி எங்களுக்குக் கோலுக்குள்ள நிக்க ஆளில்ல."

முனவ்வறாவுக்குச் சட்டம் என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மறுகா?" என்றார்.

"மறுகா எங்களுக்கு மட்டும் ஆள் இரிக்கா ராத்தா?" என்றார் கச்சிமுகம்மது. "ஏழு வருசத்துக்குப் பொறகு இறுதி ஆட்டத்துக்கு வந்திரிக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பகல்ல புள்ளயக் குடுத்தம். மணி அடிச்ச பொறகும் அவன் அவங்கட புள்ளதானா?"

"அதுவும் சரி," என்றார் முனவ்வறா. "சேர் சொல்றதும் சரி. ரெண்டு பேரும் என்னத்துக்கு என்கிட்ட வந்திரிக்கீங்க?"

நிஸ்தார் உம்மா சொன்னதைத் தட்டமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அது தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்பது முனவ்வறாவுக்கும் தெரியும்.

நிஸ்தார் பயிற்சி முடித்து வந்து, முற்றத்தில் சேரின் சைக்கிளையும் உள்ளே கச்சிமுகம்மதையும் கண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தான். அதற்குள் உம்மா கூப்பிட்டுவிட்டார். விசயத்தைச் சொன்னதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சொல்லுங்க உம்மா. நீங்க சொல்ற மாதிரிச் செய்றன்."

"பந்து வந்தா உம்மாக்கிட்டக் கேட்டுப்போட்டா பாயிற?" என்றார் முனவ்வறா. "சட்டம் போட்டத ஒளிச்சது பிழை. அதுக்கு மறுகா உன்னோட கதைக்கன். இப்ப உன்ட வாயால சொல்லு. ரெண்டு பேரும் இரிக்கிற நேரத்தில சொல்லு."

அவன் காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு, "பள்ளிக்கூடத்துக்கு இதுதான் கடைசி வருசம் காக்கா," என்றான் கச்சிமுகம்மதைப் பார்க்காமல். "கழகத்துக்கு அடுத்த வருசமும் நான் இரிப்பன்."

கச்சிமுகம்மது பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். கடப்பைத் தாண்டும்போது, யாருக்கும் சொல்லாதது போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "புயல் வந்த நேரம் நாங்க ஆளாயிரிந்தம்."

அன்று பொழுதுபடும் வரை தறி ஓடவில்லை.

சனிக்கிழமை விடியவே நிஸ்தார் பாடசாலை வேனில் மட்டக்களப்புக்குப் போய்விட்டான். பின்னேரம் வேலிக்கு அப்பால் சனம் கூடியது. முனவ்வறா தறியில் இருந்தார். நூல் அறுந்தது, முடிந்தார், திரும்பவும் அறுந்தது. ஆட்டம் தொடங்கியதும் சட்டென்று ஓர் அடக்கம் விழுந்தது. தூரத்தில் நாலைந்து குரல். அவர் நாடாவைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அடக்கம்.

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். குடம் நிறைந்துதான் இருந்தது, பேணிகளும் கவிழ்த்திருந்தன. முனவ்வறா வழக்கம்போலக் குசினிக்குள் போய் நின்றார். கடப்புப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அந்தப் பக்கம் மரத்தடியில் அவர்கள் இருப்பதும் முணுமுணுப்பதும் கேட்டது. ஒருவன் "தண்ணி," என்றான். இன்னொருவன் "சும்மா இரி," என்றான்.

முனவ்வறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். பேணிகளை எடுத்தார். கடப்பைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார்.

சனம் பேச்சை நிறுத்தியது. சம்மாந்துறையிலிருந்து டிராக்டர் பெட்டிகளில் வந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மரத்தடிக்குப் போய்க் குடத்தை நிலத்தில் வைத்தார். கோலுக்குள் நின்றவர் கச்சிமுகம்மதுதான். நீலக் கைகள் முழுக்க மண், ஒரு முழங்காலில் தோல் உரிந்து இரத்தம். வயதுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அவன் இரிந்திரிந்தா ரெண்டையும் புடிச்சிருப்பான் ராத்தா," என்றார் அவர். குரலில் புதன்கிழமைக் கோபம் இருக்கவில்லை. களைப்பு இருந்தது.

"புடிச்சிருப்பான்," என்றார் முனவ்வறா. "இல்லதானே. தண்ணியக் குடிங்க."

ஒரு பேணியை நிறைத்து நீட்டினார். கச்சிமுகம்மது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு பேணி தாங்க," என்றார். மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

வெறுங்குடத்தோடு திரும்பும்போதுதான் அவர் முதன்முதலாகக் கோலைக் கண்டார். இத்தனை வருடமாக அது ஒரு வீட்டு வாசல் அளவு இருக்கும் என்றே அவர் நினைத்திருந்தார். வாசலில் நிற்கிற ஒருவன் கையை விரித்தால் யாரும் உள்ளே போக ஏலாதுதானே. இதுவோ தறிக் கொட்டிலைப் போல அகலம். இரண்டு தென்னங்கம்பங்களுக்கும் நடுவில் வெயில் தாராளமாகக் கிடந்தது. இதற்குள் ஒற்றை ஆளாக மகன் நிற்கிறான் என்பதை அவர் அந்த இடத்தில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடப்பைத் தாண்டினார்.

பிறைச்சுடர் இரண்டாம் பாதியில் ஒன்று அடித்தது. சைக்கிள் மணிகள் கேட்டன. போதவில்லை, தோற்றுப்போனார்கள்.

நிஸ்தார் பொழுதுபட்டு மகரிப் பாங்கோடு வந்தான். உம்மா முதலில் பார்த்தது அவனுடைய முகத்தை அல்ல, சட்டையை. மடிப்புக் கலையாமல் இருந்தது. முழங்காலில் மண் இல்லை.

"ஆடல்லையா?"

"இல்ல உம்மா."

"மறுகா?"

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் அதிபர் அணியைக் கூப்பிட்டு, நிஸ்தார் சட்டத்தை மீறிக் கழகத்துக்கு ஆடியவன், ஆகவே இன்று விளையாட மாட்டான் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். யார் சொன்னதோ, வெள்ளிக்கிழமையே அவருக்கு இது தெரிந்திருந்ததாம். நல்லரெத்தினம் சேர் எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. ஒருநாளும் கோலுக்குள் நிற்காத ஒருவனை நிறுத்தினார்கள். பாடசாலையும் தோற்றது. நிஸ்தார் கோட்டுக்கு வெளியே குந்தி, மற்றவர்களின் துவாய்களையும் தண்ணீர்ப் போத்தலையும் பார்த்துக்கொண்டு இருந்தான்.

சொல்லி முடித்துவிட்டு அவன் அழவில்லை. சோறு வேண்டாம் என்றான். அதுதான் முனவ்வறாவுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேலை நேரத்தில் தறி ஓயவே, அயலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முனவ்வறா குடையை விரித்துக்கொண்டு பிரதான வீதியால் போய்க்கொண்டிருந்தார்.

அதிபர் மரியாதையான மனிதர். எழுந்து கதிரை காட்டினார். முனவ்வறா உட்காரவில்லை. நல்லரெத்தினம் சேர் செய்தி அறிந்து வந்து கதவடியில் நின்றார்.

"மகன் சட்டத்த மீறினது உண்மைதானே உம்மா?" என்றார் அதிபர்.

"உண்மை சேர். அவனில பிழைதான். ஒளிச்சதுக்கு நானும் ஏசினன். நீங்க தண்டிச்சதும் சரி." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமாமே?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வேனில ஏத்தினீங்களா?"

"விட்டுட்டுப் போனா இங்க கழகத்துக்கு ஆடியிருப்பான். அதுக்குத்தான் கூட்டிப்போனேன். ஒரு பாடமாகவும் இருக்கட்டும் எண்டு."

"அதுதான் சேர் எனக்கு விளங்கல்ல," என்றார் முனவ்வறா. குரல் உயரவில்லை. "உங்களுக்கு வேணாமெண்டா வெள்ளிக்கிழமை சொல்லியிரிக்கலாம். எங்கட கூரையப் போட்டுத் தந்த புள்ளயள்ர மூஞ்சில முழிக்க ஏலாமப் போனாலும், பள்ளிக்கூடம்தான் எண்டு அவன் உங்களோட வந்தான். நீங்க அவன உங்களுக்கும் இல்லாம, அவங்களுக்கும் இல்லாம ஆக்கிப்போட்டீங்க. ரெண்டு பக்கமும் தோத்துட்டு. சட்டத்துக்கு இதில என்ன லாபம்?"

கதவடியிலிருந்து நல்லரெத்தினம் சேர், "அவ சொல்றது சரி சேர்," என்றார். அதிபருக்கு முன்னால் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை.

வெளியே வகுப்பொன்றில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிபர் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"சட்டத்தை நான் எடுக்கமாட்டேன் உம்மா," என்றார் கடைசியில். "கால் முறிஞ்ச பிள்ளைட வாப்பா நான் வந்த கிழமையே வந்து நிண்டார், அவருக்கு நான்தான் மறுமொழி சொன்னது."

"எடுக்கச் சொல்லல்ல சேர்."

"ஆனா சனிக்கிழமை நான் செய்தது வேற. அது சரியில்ல." அவர் நல்லரெத்தினத்தைப் பார்த்தார். "அந்தக் கழகத்தில பொறுப்பான ஆள் யாரு? ஒருக்கா வரச் சொல்லுங்க."

கச்சிமுகம்மது போனார். அன்றைக்குப் பச்சை. கைகளை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு கதிரையின் விளிம்பில் இருந்தாராம். நாள் குறிப்பதற்கு முன் கழகம் பாடசாலையைக் கேட்க வேண்டும், பாடசாலை ஆட்டம் இருக்கிற கிழமையில் மாணவரைக் கூப்பிடக் கூடாது, மற்ற நாட்களில் சேருக்குச் சொல்லிவிட்டு ஆடலாம் என்று பேசி முடித்தார்கள். எல்லாம் அதோடு தீர்ந்துவிடவில்லை. அடுத்த வருடம் கரப்பந்தாட்டத்தில் இதே சண்டை இன்னொரு வீட்டு வாசலுக்குப் போனது. நிஸ்தார் அந்தத் தவணையின் மிச்ச ஆட்டங்களில் பாடசாலைக்குக் கோல் காத்தான். இப்போது அம்பாறையில் ஒரு கந்தோரில் அலுவலக வேலை. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து பிறைச்சுடருக்கு நிற்கிறான். முனவ்வறா அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. தண்ணீர் குடிக்க அவர்கள்தான் கடப்பால் வருகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, கதைத்து முடித்து வெளியே வரும்போது, அதிபரின் அறை மூலையில் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் முனவ்வறா நின்றார். உள்ளே நாலைந்து வெற்றிக் கிண்ணங்கள் இருந்தன.

"சேர், இதில எங்கட மகன் நிண்டு எடுத்தது எது?"

நல்லரெத்தினம் சேர் அலுமாரியைத் திறந்து, பின்வரிசையில் இருந்த சிறியதொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். முந்தின வருடத்துக் கிண்ணம். கைபிடிகளில் தூசு படிந்திருந்தது. முனவ்வறா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்காட்டின் ஓரத்தை எடுத்து, வாயில் வைத்து ஈரமாக்கி, கிண்ணத்தைச் சுற்றிவரத் துடைத்தார். கைபிடிகளுக்கு அடியிலும் விரலை விட்டுத் துடைத்தார். பிறகு சேரிடம் கொடுக்காமல், தானே கையை நீட்டி, அதை முன்வரிசையில் வைத்தார்.